பலூ தம்பி எழுத்துரு படுத்துகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பணியாரம் போல உப்பி, முனையெல்லாம் உருண்டு நிற்கும் எழுத்து வேண்டுமென்றால் தமிழில் பலரும் முதலில் எடுப்பது பலூ தம்பியைத்தான். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்பதால் கடை போர்டு, பாக்கெட், பேனர் என்று வியாபார வேலைக்கும் தாராளமாகப் போடலாம். ஐஸ்கிரீம் கடை, மழலையர் பள்ளி, பிறந்தநாள் பேனர், குழந்தைகள் புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற எழுத்து.

“இந்த ஃபாண்ட்ல கோளாறு, வேற போட்டுக்கலாமா?” என்று கேட்டு என்னிடம் வரும் ஃபைல்களில் பெரும்பாலும் எழுத்துரு நன்றாகவே இருக்கும். பிழை, தட்டச்சு செய்த உரையில் இருக்கும். அல்லது மென்பொருள் அமைப்பில், அல்லது அச்சுக்கு அனுப்பிய விதத்தில். அதனால் எழுத்துருவைத் தூக்கி எறிவதற்கு முன் உங்கள் அறிகுறி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் குறைவாகப் பிடிக்கிற காரணம் முதலில் வரும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை வரி. இதை அப்படியே எடுத்து உங்கள் டிசைனில் ஒட்டுங்கள்:

ஸ்ரீ கௌரி டிபன், ஞாயிறு கொழுக்கட்டை ஜோடி ₹25

இதில் கூட்டெழுத்து இருக்கிறது (ஸ்ரீ), இரண்டு பக்கமும் குறி வாங்குகிற எழுத்துகள் இருக்கின்றன (கௌ, கொ, ஜோ), சுழி நெருக்கமான எழுத்துகள் இருக்கின்றன (ஞ, ழு, ஜ), ரூபாய்க் குறியும் எண்ணும் இருக்கின்றன. எது உடைகிறதோ அதற்குரிய தலைப்புக்குப் போங்கள்.

## ஆங்கிலம் உருண்டையாக வருகிறது, தமிழ் மட்டும் வேறு எழுத்தில்

முதலில் பெயரைப் பாருங்கள். பலூ என்பது ஒரே எழுத்துரு இல்லை, பெரிய குடும்பம். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் எழுத்துமுறையும் ஆங்கிலமும் மட்டுமே உண்டு. வெறும் ‘பலூ 2’ தேவநாகரிக்கு, ‘பலூ சேட்டன்’ மலையாளத்துக்கு, ‘பலூ தம்முடு’ தெலுங்குக்கு, ‘பலூ தம்மா’ கன்னடத்துக்கு. தமிழுக்குத் ‘தம்பி’ மட்டும்தான். ஆங்கில எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருப்பதால், பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தம்மா, தம்முடு, தம்பி மூன்றும் அடுத்தடுத்து நிற்பதும் ஒரு காரணம்.

கணினியில் தமிழுக்கு வந்து நிற்பது மாற்று எழுத்துருதான் என்பதை முனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ‘த’ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முனை உருண்டிருந்தால் தம்பி. வெட்டியது போல இருந்தால் விண்டோஸ் தானாகப் போட்ட நிர்மலா யுஐ அல்லது லதா.

பெயர் சரியாக இருந்தும் வேர்டில் மட்டும் இப்படியா? வேர்டு தமிழை ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தனிப் பிரிவில் வைக்கிறது. கண்ட்ரோல் + டி அழுத்தினால் வரும் பெட்டியில் அந்தப் பிரிவுக்கும் பலூ தம்பி 2 (பலூ தம்பியின் புதிய பதிப்பு) என்று கொடுக்க வேண்டும். போல்டு, அளவு இரண்டும்கூட அங்கே தனி. அந்தப் பிரிவே தெரியவில்லை என்றால் ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழை எடிட்டிங் மொழியாகச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்கள்.

இணையதளத்தில் மட்டும் என்றால் யாரோ கோப்பின் எடையைக் குறைப்பதற்காகத் தமிழ்ப் பகுதியை வெட்டிய எழுத்துருவை ஏற்றியிருப்பார்கள். கூகுளிடமிருந்து முழுக் கோப்பை மறுபடி எடுத்து ஏற்றச் சொல்லுங்கள். இது தளத்தைப் பராமரிப்பவருக்குச் சின்ன வேலை. நீங்களே கையை வைக்க வேண்டாம்.

## தமிழே வரவில்லை, ஆங்கில எழுத்துகள் கண்டபடி வருகின்றன

வாடிக்கையாளர் பழைய ஃபைலிலிருந்து உரையை அனுப்பியிருக்கிறார். பாமினி, வானவில், டேப், டேம் போன்ற பழைய முறைகளில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் அல்லது வேறு குறியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லுக்குப் பலூ தம்பியைப் போட்டால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரும். இந்த வரிசையைப் பார்த்தாலே பாமினி என்று சொல்லிவிடலாம்.

பலூ தம்பி யூனிகோடு (இன்று எல்லாக் கணினியும் அறியும் பொது எழுத்துக்குறி முறை) மட்டுமே அறியும். எனவே உரையைத்தான் மாற்ற வேண்டும்:

1. சின்ன உரை, நாலைந்து வரி என்றால் நேராகத் தமிழ்99 அல்லது ஃபோனெட்டிக் விசைப்பலகையில் திரும்ப அடித்துவிடுங்கள். மாற்றி, சரிபார்ப்பதைவிட இது வேகம்.
2. பெரிய உரை என்றால் எழுத்துரு மாற்றியில் போடுங்கள். அதற்கு முன் தொலைபேசி எண், மின்னஞ்சல், இணைய முகவரி, ஆங்கிலப் பெயர் எல்லாவற்றையும் வெட்டித் தனியே வையுங்கள். இல்லாவிட்டால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிவிடும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.
3. மாற்றிய பின் ஸ்ரீ, ஔகார எழுத்துகள், மேற்கோள் குறிகள், அரைப்புள்ளி ஆகியவற்றை மட்டுமாவது கண்ணால் பாருங்கள். பிழை அநேகமாக இங்கேதான் தங்கும்.

எந்தப் பழைய முறை என்றே தெரியவில்லை, மாற்றி எதிலும் பிடிபடவில்லை, உரையோ புத்தக அளவு என்றால் அனுபவமுள்ள டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) ஆளிடம் கொடுங்கள். பழைய ஃபைலோடு அது தெரியும்படி எடுத்த ஒரு அச்சுத்தாளையும் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும்.

## கொம்பு பின்னால் போகிறது, புள்ளி தள்ளி நிற்கிறது

கொழுக்கட்டை என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் வருகிறது. ‘டி’யின் மேல்விலங்கு ஒட்டாமல் பக்கத்தில் தனியே நிற்கிறது. அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எழுத்துரு மேல் அதிகம் பழி விழுவதும் இங்கேதான்.

ஒரே சோதனை போதும். அந்த உரையை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி அங்கே பலூ தம்பி 2 போடுங்கள்.

### நோட்பேடில் சரியாக வருகிறது

அப்படியானால் உரையும் எழுத்துருவும் சரி. டிசைன் மென்பொருள் தமிழைக் கோத்துத் தரவில்லை.

*ஃபோட்டோஷாப்:* பிரிஃபரன்சஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய், பழைய பதிப்பானால் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மென்பொருளை மூடித் திறங்கள். ஏற்கெனவே அடித்த எழுத்து லேயர் இதனால் தானாக மாறாது. அதைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மூலையிலுள்ள மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ கொடுக்க வேண்டும். முதல் படியைச் செய்துவிட்டு “அப்பவும் மாறலையே” என்று சொல்பவர்கள் விடுவது இந்த இரண்டாம் படியைத்தான்.

*இல்லஸ்ட்ரேட்டர்:* பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்யுங்கள். அப்புறம் பாராகிராஃப் பேனல் மெனுவில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

*இன்டிசைன்:* பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. இதைப் பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் செய்ய வேண்டாம்.

*கோரல் டிரா:* இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி 2012இல் வந்த எக்ஸ்6 பதிப்பிலிருந்துதான். நம் ஊர்க் கடைகளில் இன்னும் அதற்கு முந்தைய பதிப்புகள் ஓடுகின்றன. அங்கே எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. வேறு மென்பொருளில் எழுத்தைச் செய்து, வளைகோடுகளாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஆக உள்ளே கொண்டுவருவதுதான் வழி.

*வீடியோ, அனிமேஷன்:* நின்றால் சரியாக இருக்கிறது, எழுத்து எழுத்தாக ஓடவிட்டால் உடைகிறது என்றால், மென்பொருள் கொம்பையும் புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணுகிறது. எழுத்து வாரியான அனிமேஷனை விட்டுச் சொல் வாரியாக மாற்றுங்கள். எழுத்து வாரியாகவே வேண்டும் என்றால் வளைகோடுகளாக்கி, ஒவ்வோர் உயிர்மெய்யையும் கையால் குழுவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

### நோட்பேடிலும் உடைகிறது, அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் தெரிகிறது

உரையே கெட்டிருக்கிறது. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் இப்படி ஆகும். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பிறகு அடித்தாலும் ஆகும். யூனிகோடில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் அது எழுத்துக்குப் பிறகுதான். தனியாக மாட்டிக்கொண்ட குறியைத்தான் புள்ளி வட்டம் காட்டுகிறது. வட்டத்தை மட்டும் அழிக்கப் பார்க்காதீர்கள். அந்தச் சொல்லை முழுதாக அழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

இதன் பக்கத்து வீட்டுப் பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. எழுத்து இடைவெளியை ஏற்றும்போது ‘ள’ மட்டும் விலகிப் போகும். தடித்த எழுத்துருவில் அந்த விலகல் தூரத்திலிருந்தே தெரியும்.

## ஸ்ரீ அல்லது ₹ மட்டும் ஒட்டாமல் நிற்கிறது

‘ஸ்ரீ’யைத் தட்டச்சில் இரண்டு விதமாக அடிக்கலாம்: ‘ஸ’வில் தொடங்கி ஒன்று, ‘ஶ’வில் தொடங்கி இன்னொன்று. ஒரு விதம் கூட்டெழுத்தாகச் சேரவில்லை என்றால் மற்றதை அடித்துப் பாருங்கள்.  ரூபாய்க் குறி மெலிந்து தெரிந்தால் நீங்கள் வைத்திருப்பது எங்கிருந்தோ நகலெடுத்த குறையுள்ள கோப்பாக இருக்கலாம். கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து புதிதாக இறக்கி நிறுவுங்கள்.

## சுழி அடைத்துக் கறுப்புப் பொட்டாகிறது

ஞ, ழ, ஜ, ண, இ போன்றவற்றின் உள்வெளி மூடிப்போய், எழுத்து மைத்துளியாகத் தெரிகிறது. தடித்த, உருண்ட எழுத்துருவில் கோடு உள்பக்கமாகவும் பெருக்கும் என்பதால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை மிகக் குறைவு. அந்த வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் இங்கே வேலை.

போலித் தடிப்பு இருக்கிறதா? ஃபோட்டோஷாப் கேரக்டர் பேனலில் ‘ஃபாக்ஸ் போல்டு’ அழுந்தியிருக்கிறதா பாருங்கள். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி கை தவறிப் பட்டாலும் அது ஏறிவிடும். அது எழுத்தைச் சுற்றிக் கோடு இழுத்து ஊதுவதே தவிர, உண்மையான போல்டு இல்லை. இணையதளத்தில் இது இன்னும் சகஜம். முதலில் வந்த பலூ தம்பிக்கு ஒரே எடைதான் (எடை என்பது எழுத்தின் தடிமன் அளவு). தடித்துத் தெரிந்தாலும் கணக்கில் அது ரெகுலர், 400. தலைப்புகளுக்கு உலாவி தானாகப் போல்டு கேட்கும். போல்டு இல்லை என்றதும் தானே ஊதிக்கொள்ளும். தலைப்பின் எடையை 400 என்று எழுதினால் தீர்ந்தது. இல்லையேல் 400 முதல் 800 வரை ஐந்து எடைகள் உள்ள பலூ தம்பி 2க்கு மாறிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

எடையைக் குறையுங்கள். எல்லாவற்றையும் எக்ஸ்ட்ராபோல்டில் போட வேண்டியதில்லை. விசிட்டிங் கார்டு, பாக்கெட்டின் பின்பக்கம் போன்ற சின்ன இடங்களில் செமிபோல்டு போதும். உருண்டை குணம் போகாது, சுழி திறந்துகொள்ளும்.

எழுத்தைச் சுற்றிய கோடு உள்ளே போகிறதா? கோட்டின் பாதி உள்பக்கம் தின்றுவிடுகிறது. ஃபோட்டோஷாப்பில் ஸ்ட்ரோக்கை ‘அவுட்சைடு’ ஆக்குங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் அப்பியரன்ஸ் பேனலில் புதிய ஸ்ட்ரோக் சேர்த்து, அதை ‘கேரக்டர்ஸ்’ வரிக்குக் கீழே இழுத்துவிட்டால் கோடு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். கோட்டின் மூலைச் சேர்ப்பை ‘ரவுண்டு’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் உருண்ட எழுத்தின் உள்மடிப்புகளிலிருந்து முள் முளைக்கும். குழந்தைகள் பேனரில் அந்த முள் மிக அசிங்கமாகத் தெரியும்.

திரையில் சரி, அச்சில் அடைக்கிறது. மை பரவுகிறது. நியூஸ்பிரிண்ட், துணி மேல் ஸ்கிரீன் பிரிண்டிங், அட்டைப்பெட்டி மூன்றிலும் இதை எதிர்பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் பின்னணி மை உள்ளே நுழைந்து எழுத்தை மெலிதாக்கும். சாதாரண எழுத்தில் சுழிதான் அடைக்கும். டிசைனை நிஜ அளவில் ஒரு தாளில் எடுத்துப் பாருங்கள். ‘ஞா’வின் உள்வெளி அங்கேயே மயிரிழையாகத் தெரிந்தால் துணியில் நிச்சயம் மூடும். ஆயிரக்கணக்கில் அடிக்கிற வேலையாக இருந்தால் இந்தக் கட்டத்தில் அச்சகத்தாரிடம் பேசுங்கள். எவ்வளவு மெல்லிய வெள்ளையை அவர் இயந்திரம் தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். பிளேட் போட்ட பிறகு கேட்டால் செலவு உங்களுடையது.

## எழுத்துக்குள் கோடு கோடாகத் தெரிகிறது, ஸ்டிக்கர் துண்டு துண்டாக வெட்டுப்படுகிறது

ஸ்டிக்கர் கடை, ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) போர்டு வேலைகளில் காசைத் தின்கிற பிழை இது. திரையில் நிறம் நிரப்பியிருக்கும்போது ஒன்றுமே தெரியாது. கட்டிங் பிளாட்டரில் போட்டதும் கத்தி எழுத்தின் நடுவே போய்விடும். துணைக்கால் சேருமிடத்தில், விலங்கு ஒட்டுமிடத்தில் வினைல் தனித்துண்டாக உரியும்.

காரணம் இதுதான். கூகுளிலிருந்து இறக்கும்போது எடையை நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் வேரியபிள் கோப்பு ஒன்று வரும். கூடவே ‘ஸ்டாட்டிக்’ என்ற ஃபோல்டரில் எடைக்கு ஒன்றாகத் தனிக் கோப்புகளும் வரும். வேரியபிள் கோப்புகளில் எழுத்தின் பாகங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடியே விட்டுவைப்பது வழக்கம். அடுத்தடுத்த எழுத்தும் குறியும் தொட்டுக்கொள்ளும்போது எந்தக் கோப்பிலும் இது நேரலாம்.

சோதனை: எழுத்தை வளைகோடுகளாக்குங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ, கோரலில் கண்ட்ரோல் + க்யூ. நிறத்தை எடுத்துவிட்டு மெல்லிய வெளிக்கோடு மட்டும் வையுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஒய் அழுத்தினாலே போதும். எழுத்துக்குள் குறுக்குக் கோடு தெரிந்தால் கத்தியும் அங்கே போகும்.

சரிசெய்வது:

முதலில் வேரியபிள் கோப்பை நீக்கிவிட்டு ஸ்டாட்டிக் கோப்புகளை மட்டும் நிறுவிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து நிறுவாதீர்கள். பட்டியலில் பெயர்கள் குழம்பும், போல்டு கேட்டால் வேறு எடை வரும்.

அதிலும் கோடு இருந்தால், வளைகோடுகளாக்கிய பிறகு இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் ‘யுனைட்’, கோரலில் ‘வெல்டு’ கொடுங்கள். ஒவ்வொரு சொல்லாகச் செய்யுங்கள். முழு போர்டையும் ஒரே அடியில் கொடுத்தால், தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து எழுத்துகளும் ஒட்டிப் போகும். முடித்ததும் சுழிகளைப் பாருங்கள். உள்வெளி நிரம்பியிருந்தால் ஒருபடி பின்னால் வந்து, அந்த எழுத்தை மட்டும் தனியே செய்யுங்கள்.

அக்ரிலிக் எழுத்து, எல்இடி போர்டு என்றால் வெட்டு முடிந்ததும் திரும்ப வழியில்லை, ஷீட் போனது போனதுதான். அங்கே கோட்டுப் பார்வையில் எடுத்த படத்தை வெட்டுபவருக்கு அனுப்பி, அவர் சரி என்று சொன்ன பிறகே ஆர்டர் கொடுங்கள். முனையின் வளைவுக்கு ரவுட்டர் பிட் (வெட்டும் முனை) எவ்வளவு வேண்டும் என்றும் அவர்தான் சொல்வார்.

## மேல்விலங்கு அல்லது கீழ்ச்சுழி வெட்டுப்படுகிறது

தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் நீளும். வரி இடைவெளியை எழுத்தளவுக்குச் சமமாக வைத்தால் ‘கீ’யின் சுழியும் ‘ழு’வின் வாலும் இடிக்கும். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டினால் எப்போதும் இதுதான் கதை. வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்கிலிருந்து தொடங்கிக் கண்ணால் குறையுங்கள். இணையதளத்தில் பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் அமைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது பெட்டிக்குள் மேலும் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள். பட்டனில் எழுத்து நடுவில் நிற்கவில்லை என்றால் எண்ணை நம்பாமல் கண்ணை நம்பி நகர்த்துங்கள்.

## கடைக்கு அனுப்பிய ஃபைலில் எழுத்து மாறிவிட்டது

அங்கே எழுத்துரு இல்லை. வளைகோடுகளாக்கி அனுப்புங்கள், அல்லது எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் அனுப்புங்கள். திருத்தக்கூடிய பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வளைகோடான பிறகு ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் திரும்ப அடிக்க வேண்டியதுதான். பவர்பாயிண்டுக்கு ‘சேவ்’ அமைப்பில் எழுத்துருவை உட்பொதிக்கும் வசதி இருக்கிறது. வேரியபிள் கோப்பு அதில் சரியாக உட்காராது, ஸ்டாட்டிக்கையே பயன்படுத்துங்கள்.

## எல்லாம் சரி, ஆனாலும் படிக்க முடியவில்லை

பத்தி முழுக்க பலூ தம்பி போட்டிருக்கிறீர்கள். இது தலைப்புக்கான எழுத்து. நான்கைந்து சொல் வரை துள்ளும், அதற்கு மேல் கண் களைக்கும். முகவரி, விலைப்பட்டியல், விதிமுறைகளுக்கு அதே ஏக் டைப்பின் முக்தா மலர் போட்டுப் பாருங்கள், அடக்கமாகப் பக்கத்தில் நிற்கும்.

தலைப்பிலேயே சிக்கல் என்றால் எழுத்து இடைவெளியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் செய்வதுபோல் நெருக்கினால் ‘ா’வும் ‘ர’வும் குழம்பும், ‘ள’வும் ‘ன’வும் ஒரே கறுப்பாகும். இடைவெளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தேவைப்பட்டால் கொஞ்சம் மட்டும் கூட்டுங்கள்.

கடைப் பெயரில் ஒரே ஓர் எழுத்து உறுத்துகிறது, அது லோகோவாகப் பல வருடம் நிற்கப் போகிறது என்றால் அதைச் சரிசெய்ய எழுத்துரு வடிவமைப்பாளரையோ கையெழுத்துக் கலைஞரையோ கூப்பிடுங்கள். உரிமத்தில் தடையில்லை. வளைகோடுகளாக்கிய ஃபைல், போர்டின் நிஜ அளவு, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள் என்ற விவரம் மூன்றையும் முதல் நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.